என் இடது காதும் போர்ச்சுகல் தேசமும்

போன மாதம் அருப்புக்கோட்டையில் ஒரு நகைக்கடைக்குப் போயிருந்தேன். புதிதாக வாங்குவதற்கு இல்லை. எழுபத்து நாலு வயதில் வாங்கிப் போட்டு யாருக்குக் காட்டப் போகிறேன்? என் கம்மலில் இடது பக்கத்துத் திருகு தேய்ந்துபோய் நிற்க மாட்டேன் என்றது. அதை மாற்றத்தான் போனேன். கடையில் இருந்த பெண் கம்மலைப் பார்த்தாள், என் காதைப் பார்த்தாள், மறுபடியும் கம்மலைப் பார்த்தாள்.

"அம்மா, திருகுல கோளாறு இல்ல. ஒங்க லெஃப்ட்டு காதுல ஓட்ட கீழ எறங்கியிருக்கு. கம்மல் சாஞ்சு சாஞ்சு மரை தேயுது. இப்பல்லாம் ஓட்டைய அடைச்சுட்டு மெஷின்ல புதுசாக் குத்திரலாம்மா. வலியே தெரியாது."

"வேணாம் தாயி. அது அப்படியே இருக்கட்டும்."

"சின்னதுலயே இப்படிக் குத்திட்டாங்களா?"

"ஆமா. அதுக்குப் போர்ச்சுகல்காரன்தான் காரணம்" என்றேன்.

அந்தப் பெண் சிரிப்பதா பாவப்படுவதா என்று தெரியாமல், "கூட யாரும் வந்திருக்காங்களாம்மா?" என்று கேட்டாள். கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்திருப்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கோவா என்றால் அவளுக்குத் தெரிந்தது கடற்கரையும் சுற்றுலாவும். நாம் சிலேட்டும் பலப்பமுமாகத் திரிந்த காலத்தில் கோவா நம் தேசத்து வளவுக்குள் இருந்த இன்னொருத்தன் வீடு என்பது நம் வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும். நீங்களாவது நம்புவீர்கள் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருச்சுழிக்கும் பந்தல்குடிக்கும் நடுவில், பஸ் போகும் ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே. கரிசல் காடு. பருத்தி, கம்பு, கொத்தமல்லி, எல்லாம் வானம் பார்த்து விளைகிறவை. அப்பாவை நாங்கள் அய்யா என்று கூப்பிடுவோம். அய்யாவுக்குப் பதினைந்து குறுக்கம் நிலமும், அதைவிட அதிகமாக ரோஷமும், அதையும்விட அதிகமாக நல்ல மனசும் இருந்தன. இந்த மூன்றும் சேர்ந்த மனிதர் செய்கிற காரியம் எப்படி முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அம்மாவுக்குக் கூடப் பிறந்தது ஒரே தம்பி. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் அம்மாதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தது. மாமா பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் ஒரு லாரிப் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டார். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது நிறுத்தி வைத்திருந்த ஒரு லாரியில் என்னை மடியில் வைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்க விட்டது மட்டும் நினைவிருக்கிறது. கிரீஸும் வியர்வையும் கலந்த வாசனை. வெயிலில் காய்ந்த ஸ்டியரிங்கின் சூடு. மாமாவின் முகம் அதில் இல்லை, மடிதான் இருக்கிறது.

அந்த மடிதான் பிற்பாடு பெரிய பிரச்சினை ஆனது. எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்துவது குலசாமி கோயிலில், தாய்மாமன் மடியில். கம்மல் அவர் வாங்கி வரவேண்டும், வெல்லம் கலந்த காப்பரிசி அவர் கொண்டுவர வேண்டும், ஊசி இறங்கும்போது பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதும் அவர்தான். எனக்கு ஒரு வயதில் மழை இல்லை, கிடா வெட்ட வசதியில்லை என்று தள்ளிப்போட்டார்கள். மூன்றாவது வயதில் நாள் பார்த்தார்கள். அய்யாவுக்குக் களத்து வேலை. அதனால் மாமாவை நேரில் போய் அழைக்காமல், பந்தல்குடிப் பக்கம் போன ஒரு ஆளிடம் சேதி சொல்லி அனுப்பிவிட்டார். வெற்றிலை பாக்கு வைக்கவில்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேதி கிடைத்த வாரமே மாமா கோவாவுக்குப் புறப்பட்டுவிட்டார். அங்கே மலையை வெட்டி இரும்புக் கல் எடுத்துக் கப்பலில் ஏற்றினார்கள். அதற்கு லாரி, லாரிக்கு மெக்கானிக். போகும்போது வீட்டு வாசலில் நின்று சொன்னாராம்: "யக்கா, ஆறு மாசத்துல வாரேன். கம்மலோட வாரேன். வேற எவன் மடியிலயும் புள்ளைய ஒக்கார வச்சுராதீக."

ஆறு மாதத்துக்குள் நம் சர்க்காருக்கும் போர்ச்சுகல் சர்க்காருக்கும் தகராறு முற்றிவிட்டது. வெள்ளைக்காரன் போய்விட்டான், பிரெஞ்சுக்காரனும் பாண்டிச்சேரியை விட்டுவிட்டான், நீ மட்டும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று இவர்கள் கேட்க, இது எங்கள் வீடு, நானூறு வருஷமாக இருக்கிறோம் என்று அவர்கள் சொல்ல, ரயில் நின்றது, மணியார்டர் நின்றது, எல்லையில் துப்பாக்கி வந்தது. மாமா அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்.

எல்லை மூடுவதற்குள் கடைசி லோடோடு திரும்பிய ஒரு பந்தல்குடி டிரைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமா கொடுத்தனுப்பியது என்று ஒரு சின்னத் தகர டப்பாவைத் தந்தார். நீள்வட்டமாக, கைக்கு அடக்கமாக, சுற்றிலும் ஒட்டி மூடியது. மேலே தலையில் கூடையும் வெறுங்காலுமாக ஒரு பெண்ணின் படம், நீலமும் மஞ்சளும். உள்ளே என்ன என்று டிரைவருக்குத் தெரியாது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தூரு அம்மன் போலருக்கு" என்றாள். சாமி மாடத்தில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்து நெற்றியில் குங்குமமும் வைத்துவிட்டாள்.

டிரைவர் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்.

"காயிதம் எதுவும் போட வேணாம்னு கண்டிச்சுச் சொல்லச் சொன்னாரு. அவரே வருவாராம்."

அய்யாவின் முகம் சுருங்கிவிட்டது. டிரைவர் போனபின் அம்மாவிடம் சொன்னார்: "பாத்தியா. மாப்ள கோவமா இருக்காரு. நான் பாக்கு வைக்காம ஆள் மூலமாச் சொல்லிவிட்டேன்ல, அதான். காயிதமே போடாதங்கிறாரு."

நமக்கு இன்றைக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் தாய்மாமன் பேசாமல் இருந்தால் கோபம் என்றுதான் எங்கள் பக்கம் அர்த்தம். தாய்மாமன் கோபத்துக்கு எங்கள் ஊரில் கல்யாணமே நின்றிருக்கிறது. வேறு காரணம் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. நான் மூளிக்காதோடு வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் என் பெயரே 'மூளி' என்று ஆகிவிட்டது. மற்ற பெண் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சிவப்புக்கல் கம்மலை ஆட்டிக்கொண்டு வரும்போது நான் பின்னலை முன்னால் இழுத்துக் காதை மறைத்துக்கொள்வேன். அழுதிருக்கிறேன். அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். அம்மா அசைய மாட்டாள்.

நரிக்குடியில் கட்டிக்கொடுத்திருந்த அத்தை, அய்யாவின் அக்கா, வரும்போதெல்லாம் இதே பேச்சு. "புள்ளைக்குப் பத்து வயசு ஆவுது. நாளைக்குப் பெரிய மனுசி ஆகிட்டா மூளிக்காதோட ஒக்கார வைப்பீகளா? ஒன் பெரியப்பன் மகன் மடியில வச்சுக் குத்திவிட்டுரு. அவனும் மாமன்தான."

அம்மா கம்பைப் புடைத்துக்கொண்டே இருப்பாள். ஒருமுறை அத்தை, "இல்லன்னா ஒந்தம்பி துண்டு எதுவும் கெடந்தா மணையில விரிச்சு அதுமேல ஒக்கார வையி. அப்படியும் செய்வாக" என்றாள்.

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அது செத்தவுகளுக்குச் செய்யிற மொற, மதினி. எந்தம்பி உசுரோட இருக்கான்." அவ்வளவுதான் சொன்னாள். அத்தை அன்றைக்குச் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாள்.

எனக்கு அப்போது அத்தை பக்கம்தான் நியாயம் என்று பட்டது. எனக்கு வேண்டியது கம்மல். அம்மாவுக்கு வேண்டியது தம்பி. துண்டை விரித்துவிட்டால் அவர் வருவார் என்ற எண்ணத்தையே விட்டுவிட்ட மாதிரி என்று அவள் பயந்திருக்கிறாள். அதை எனக்குச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை, கேட்க எனக்கும் தெரியவில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் ஆவணியில் அய்யா ஒரு முடிவுக்கு வந்தார். வருகிற தையில் காதுகுத்து. மாப்பிள்ளை வந்தே ஆகவேண்டும்.

அப்போது பஞ்சாயத்து ஆபீசில் ரேடியோ வந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் தினமும் டவுனிலிருந்து பேப்பர் கொண்டுவருவார். அய்யா அவரைப் பிடித்துக்கொண்டார். வாத்தியார் சுவரில் தொங்கிய படத்தில் குச்சியை வைத்துக் காட்டினார். கோவா ஒரு துவரம்பருப்பு அளவுதான் இருந்தது. இதற்கா இவ்வளவு என்று எனக்கு ஏமாற்றம்.

"ரெண்டு சர்க்காரும் பேச்சுவார்த்தையே கெடையாதுங்க. இவுக தூதர் அங்க இல்ல, அவுக தூதர் இங்க இல்ல. ரெண்டு ஆபீசையும் மூடியாச்சு. ஏதும் சொல்லணும்னா நடுவுல வேற தேசத்துக்காரன் மூலமாத்தான்" என்றார் வாத்தியார். "இப்ப ஆப்பிரிக்காவுல வேற அவுகளுக்கு எதிராக் கலகம். விட்டுக் குடுத்தா எல்லாம் போயிரும்னு பிடிவாதமா இருக்காக."

அய்யா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஏனென்றால் எங்களுக்கும் எங்கள் பங்காளி வீட்டுக்கும் அதே நிலைமைதான்.

இரண்டு வீட்டு நிலத்துக்கும் நடுவே ஒரு கிணறு. யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்பதில் தகராறு. பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மூன்றாவது வீட்டு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போவார். ஆனால் ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியம் என்றால் பகையாளி வாசலிலும் பாக்கு வைத்தே ஆகவேண்டும். பேச வேண்டாம், சிரிக்க வேண்டாம், தாம்பாளத்தை நீட்டினால் போதும். எடுத்துக்கொண்டவர் அந்த ஒரு நாளைக்குப் பகையை ஒதுக்கி வைத்துவிட்டு வரவேண்டும், வழி விடவேண்டும். அந்தப் பங்காளி தன் மகள் கல்யாணத்துக்குப் பாக்கு வைத்தபோது அய்யா போய் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். மறுநாள் காலையில் கிணற்றடியில் பழையபடி மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்றார்.

"அந்தக் கோவாத் தொரைக்கு நாம பாக்கு வச்சுருவோம்" என்றார் அய்யா.

வாத்தியார் சிரித்தார். அய்யா சிரிக்கவில்லை. "சண்ட பெரிய எடத்துல. நாம கேக்குறது நல்ல காரியத்துக்கு. முறையாக் கேட்டா எந்த மனுசன் இல்லம்பான்?"

கடிதத்தை எழுதியது நான். எனக்குத்தான் வீட்டில் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூட மரத்தடியில் உட்கார்ந்து அய்யா சொல்லச் சொல்ல எழுதினேன். ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

'கோவா தேசத்துப் பெரிய துரை அவர்கள் சமூகத்துக்கு. எங்கள் மகளுக்குத் தை மாதம் காதுகுத்து வைத்திருக்கிறோம். பிள்ளையின் தாய்மாமன் தங்கள் எல்லையில் லாரி மெக்கானிக்காக இருக்கிறார். அவர் மடி இல்லாமல் ஊசி எடுக்க முடியாது. தங்களுக்கும் எங்கள் சர்க்காருக்கும் உள்ள மனவருத்தம் எங்களுக்குத் தெரியும். அது பெரியவர்கள் விஷயம். நல்ல காரியத்தில் பகை பார்ப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பாக்கு வைத்திருக்கிறோம். எங்கள் மாப்பிள்ளையை அனுப்பி வைக்கவும். தாங்களும் குடும்பத்தோடு வந்து சிறப்பிக்கவும்.'

கீழே மாமாவின் முழுப் பெயர், எங்கள் ஊர், ஜில்லா, டிரைவர் சொன்ன லாரி கம்பெனியின் விவரம் எல்லாம் தெளிவாக எழுதச் சொன்னார் அய்யா. ஆள் மாறிவிடக் கூடாதல்லவா. கடைசியில் நான் என் பெயரையும் எழுதினேன். வாத்தியார் அடியில் இங்கிலீஷில் பெயர்த்து எழுதி, உறை மேல் விலாசமும் எழுதினார். அம்மா காகிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். இரண்டு கொட்டைப்பாக்கை உள்ளே வைத்து ஒட்டினோம். உறை புடைத்துக்கொண்டு நின்றது.

தபால்காரர் கையில் வாங்கி எடை பார்த்தார். "போகுமாண்ணே?" என்று அய்யா கேட்டார். "பெட்டியில போடுவோம். போற எடத்துக்குப் போகட்டும்" என்றார் அவர்.

அது போய்ச் சேர்ந்தது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அந்தப் பழைய பந்தல்குடி டிரைவர் நனைந்துகொண்டு வந்தார். கோவாவை ஒட்டிய பெல்காம் பக்கம் லோடு ஏற்றப் போனபோது கேள்விப்பட்டாராம். மாமாவைக் கோவாவில் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. "அங்க இப்ப நம்மாளுக யாரப் பாத்தாலும் சந்தேகந்தான்" என்றார்.

அம்மா உள்ளே போனாள். சாமி மாடத்து முன்னால் நின்று அந்தத் தகர டப்பாவைப் பார்த்தாள்.

"ஒன் ஊர்க்காரன் என் தம்பியப் புடிச்சு வச்சிருக்கான். நீ இங்க ஒக்காந்துக்கிட்டுக் குங்குமம் கேக்குறியா?"

டப்பாவைத் திருப்பிச் சுவரைப் பார்த்து வைத்துவிட்டாள். மற்ற சாமிகளுக்கு விளக்கு ஏற்றினாள், அதற்கு இல்லை. அன்றிலிருந்து கம்மல் வேண்டும் என்று நான் வாய் திறக்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. என் காதுக்காகத்தானே அவரைத் தேடினோம் என்று பத்து வயதில் எனக்குத் தோன்றியது. பிற்பாடு அது சரியாகவே இருந்தது. ஆனால் அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை.

மார்கழி பிறந்த கையோடு நம் ராணுவம் கோவாவுக்குள் போயிற்று. பஞ்சாயத்து ஆபீஸ் ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றது. வாத்தியார் கை தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். அம்மா மட்டும் என் கையைப் பிடித்தபடி நின்றாள். பிடி இறுகிக்கொண்டே போனது.

"குண்டு போடுறது நம்மாளுகதான?" என்று வாத்தியாரிடம் கேட்டாள்.

"ஆமாம்மா."

"எந்தம்பி அந்தூருல உள்ள கெடக்கான். அவன் மேல விழுந்துராதுல்ல?"

கை தட்டல் அங்கங்கே நின்றது. வாத்தியார் பேப்பரை மடித்தார்.

இரண்டே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. போர்ச்சுகல்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள் என்று ரேடியோ சொன்னது. மறுநாளிலிருந்து அய்யா ஒரு வேலை செய்தார். காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து மேலே துண்டு போட்டு மூடிக்கொண்டு இரண்டு மைல் நடந்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போவார். பந்தல்குடிப் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்ப்பார். மத்தியானம் திரும்புவார். வெற்றிலை வாடியிருக்கும். மறுநாள் புது வெற்றிலை. ஊரில் சிரித்தார்கள். பங்காளி வீட்டில் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள். தைப்பொங்கல் கழிந்து நாலாம் நாள் அய்யா திரும்பி வரும்போது கூட ஒரு ஆள் வந்தார்.

நான் வாசலில் நின்றேன். எலும்பும் தோலுமாக, தலையில் முக்கால்வாசி நரைத்து, யாரோ கொடுத்த பெரிய சட்டைக்குள் ஒரு மனிதர். முப்பது வயதுகூட ஆகாதவர். அம்மா ஓடி வந்தாள். அடிக்க ஓங்கிய கை அப்படியே அவர் தோளில் விழுந்தது. அக்காவும் தம்பியும் அழுத அழுகையைப் பார்த்து நானும் அழுதேன், எதற்கு என்று தெரியாமலே.

மாமா உள்ளே வந்ததும் சாமி மாடத்தைப் பார்த்தார். "யக்கா, சாமியெல்லாம் நேரா இருக்கு, இது என்ன முதுகக் காட்டிக்கிட்டு?" என்று டப்பாவைத் திருப்பினார். குங்குமக் கறை படிந்த அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். இருமி இருமிச் சிரித்தார்.

"யக்கா, இது மீனுக்கா. எண்ணெயில போட்டு அடச்சுக் குடுத்த மீனு. சோத்துக்குத் தொட்டுக்கிடுங்கன்னு குடுத்துவிட்டேன்."

"ஏழு வருசமா மீனுக்கா நான் சூடம் காட்டுனேன்?" என்றாள் அம்மா. சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டப்பாவை அவள் எறியவில்லை. பிறகும் வெகு காலம் மாடத்திலேயே இருந்தது. எந்த வீடு மாறும்போது காணாமல் போனதோ, இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

காதுகுத்துக்கு மாமாவிடம் கம்மல் இல்லை. கோவாவில் வாங்கி வைத்திருந்ததைப் பிடித்தபோதே பறித்துக்கொண்டார்களாம். தாய்மாமன் வெறுங்கையோடு வந்து மடியில் உட்காரவைப்பது அவமானம். குலசாமி கோயிலில் மாமா சீர்த்தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது அதில் காப்பரிசிக்கு நடுவே ஒரு ஜோடி கம்மல் இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் நின்ற அம்மாவை அய்யா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அம்மாவின் காதில் இரண்டு வேப்பங்குச்சி இருந்தது. அய்யா கிடாவைப் பார்க்கப் போய்விட்டார். அன்றைக்கு மூளிக்காதோடு நின்றது அம்மாதான். இது எனக்குப் புரிய எத்தனையோ வருஷம் ஆயிற்று.

மாமா மடியில் உட்கார்ந்தேன். எலும்பு குத்தியது. கிரீஸ் வாசனை இல்லை. ஆசாரி காதில் சாந்துப் பொட்டு வைத்து இடம் குறித்தார். வாயில் காப்பரிசியைத் திணித்தார்கள். வலது காது சுருக்கென்று முடிந்துவிட்டது. இடது காதுக்கு ஊசியை வைத்த நேரத்தில் அய்யா சந்தோஷம் தாங்காமல் கோயிலுக்குப் பின்னால் வேட்டுக் கொளுத்திவிட்டார்.

முதல் வேட்டுக்கு மாமாவின் உடம்பு தூக்கிப் போட்டது. மடி குலுங்கி ஊசி வழுக்கிக் கீழே இறங்கிவிட்டது. நான் அலறினேன்.

"புள்ளைய வச்சுக்கிட்டு மடிய ஆட்டுறியே, ஒழுங்கா ஒக்கார மாட்ட?" என்று அம்மா அதட்டினாள்.

"எறும்பு கடிச்சிருச்சுக்கா" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தடுத்து வேட்டு வெடித்தது. மாமாவின் முழங்கால் எனக்குக் கீழே நடுங்கிக்கொண்டே இருந்தது. வேட்டு முடிந்து, கம்மல் போட்டு, காப்பரிசி எல்லோருக்கும் கொடுத்து முடிக்கிற வரைக்கும் அது நிற்கவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அய்யா நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். எந்த விசேஷத்துக்குப் போனாலும், பந்தியில் நாலு பேர் கிடைத்தால் இதைச் சொல்லாமல் விடமாட்டார். "ராணுவம் போய் எடுத்துச்சுங்கிறான். நாட்ட எடுத்துச்சு, சரி. எம் மாப்ளைய விட்டது நான் பாக்கு வச்சதுக்கு. மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல, போர்ச்சுகல்காரனுக்கும்." பக்கத்தில் மாமா இருந்தால், "ஆமா அத்தான். காயிதம் கெடச்சுத்தான் விட்டாக" என்பார். ஒரு தடவைகூட அவர் முகம் மாறி நான் பார்த்ததில்லை.

அய்யாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூட்டம் கலைந்தபின் மாமா என்னைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் வைத்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். மடிப்பில் கிழிந்திருந்தது. நாலு மூலையிலும் மங்கிப்போன மஞ்சள். என் பத்து வயதுக் கையெழுத்து.

"அத்தான் இருக்கிற வரைக்கும் இத வெளிய எடுக்க மனசு வரல, புள்ள."

எல்லை மூடுவதற்கு முன்பே அங்கே வெளியாட்களை விரட்ட ஆரம்பித்துவிட்டார்களாம். கம்பெனிக்காரர் மாமாவை உள்ளூர் ஆள் என்று பதிந்து வைத்திருந்தார். இருக்கிற இடம் தெரியாமல் இருந்தால்தான் பிழைப்பு. அதனால்தான் கடிதம் போடாதே என்று சொல்லி அனுப்பியது. கோபமெல்லாம் இல்லை. ஆறு வருஷம் அப்படி ஒளிந்திருந்தவரைப் பெயர், ஊர், ஜில்லா, கம்பெனி எல்லாம் சொல்லிக் காட்டிக்கொடுத்தது நாங்கள் அனுப்பிய கடிதம்.

"உளவு பாக்க வந்தவன்னு அடிச்சானுக. என்னத்துக்குத் திடீர்னு புடிச்சானுகன்னே தெரியல. நம்ம பட்டாளம் வந்து கதவத் தொறந்தப்ப எல்லாம் ஓடுறான். ஆபீசு ரூம்புல காயிதமா எறஞ்சு கெடக்கு. அதுல மஞ்சத் தடவுன காயிதம் ஒண்ணு. மஞ்சளப் பாத்ததும் எனக்குக் காலு நின்னு போச்சு. எடுத்தா ஒம் பேரு. பக்கத்துல ரெண்டு பாக்கு. உள்ள என்னமோ இருக்குன்னு பொளந்து பாத்திருக்கானுக."

"மாமா, எங்க மேல கோவம் வரலியா?" என்று கேட்டேன்.

"வராம? அத்தான நாலு கேள்வி கேக்கணும்னுதான் ரயிலேறுனேன். வழி பூரா என்ன கேக்கணும்னு சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். பஸ்ஸ விட்டு எறங்குனா அவரு நிக்கிறாரு, கையில தாம்பாளம். 'மாப்ள, அன்னைக்கு ஆள் மூலமாச் சொல்லிவிட்டது என் தப்பு, இந்தா மொறையா அழைக்கேன், மனசுல வச்சுக்கிடாதீக'ன்னு கண்ணு கலங்குறாரு. அவருக்குத் தெரிஞ்ச தப்பு அது ஒண்ணுதான். அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க?"

காகிதத்தை மறுபடி உறையில் போட்டு என் கையில் வைத்தார்.

"பாக்கு வச்சாரு. வந்துட்டேன். அம்புட்டுதான."

மாமாவும் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. கடிதம் என் பெட்டியில் இருக்கிறது; எடுத்து எடுத்துப் படித்துத்தான் ஒவ்வொரு வார்த்தையும் மனப்பாடம். நகைக்கடைப் பெண் புதுத் திருகு போட்டுத் தந்தாள். மறுபடியும் தேயும் என்று எச்சரித்துத்தான் அனுப்பினாள். தேயட்டும், மறுபடி மாற்றிக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து அம்மாவின் கம்மலைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். இடது காது ஓட்டை வலதைவிட ஒரு நெல் அளவுக்குக் கீழே இருக்கிறது. அன்றைக்கு மாமாவின் மடி ஆடியது அவ்வளவுதான்.